அரைக்காதன் வதைபடாத படலம்

வாழ்க ஜெபசுந்தர்! வாழ்க அவர் வலக்கரம் தாங்கிய வளைபிடிக் குடை! வாழ்க அக்குடையில் முறிந்துபோன இரண்டு கம்பிகள்! முப்பத்தைந்து ஆண்டுகள் காரியாபட்டிப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராய் வீற்றிருந்து, வட்டம் வராத கைகளுக்கெல்லாம் வட்டம் வரவழைத்த வித்தகர். வயதால் நரைக்குமுன் சுண்ணக்கட்டியால் நரைத்த தலையர். பணி நிறைவு விழாவில் போர்த்திய சால்வை தோளைவிட்டு நழுவுமுன்பே மனைவியின் பூர்விகக் கரிசலில் மகாகனிக் கன்றுகளை நட்டு, மூவேக்கர் முழுதாண்ட கோவாகத் தமக்குத் தாமே முடிசூட்டிக்கொண்ட மாவீரர். அவர் பெருமையைப் பாட ஆயிரம் நா வேண்டும். நமக்கு இருப்பதோ ஒன்று, அதுவும் காலையிலிருந்து ஒரு வாய் காப்பி காணாதது.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் சாலையில், பட்டாசுக் கொட்டகைகளுக்கு நடுவே, படை சூழ்ந்த கோட்டை போலத் தனித்து நின்றது அந்த வனம். வனம் என்றால் இடுப்புயரக் கன்றுகள் இருநூறு. தரையில் அமர்ந்தால் வனம், எழுந்து நின்றால் அடுத்த ஊர் தெரியும். ஆயினும் நம் கோமகன் அதைக் காடு என்றே அழைத்தார். கடிதங்களில் 'காட்டிலிருந்து எழுதுவது' என்றே தொடங்கினார். சட்டைப்பையில் உணவுப்பொட்டலம் வைத்துக்கொண்டு விடியலில் புகுந்தால் வெயில் சாய்ந்த பிறகே வெளிப்பட்டார். காட்டுக்கு உரிமையாளர் அவர் மனைவி.

அம்மையார் ஜெயசீலி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலியர், ஊசிமுனையால் உலகாள்பவர், அவர் குரல் கேட்டால் காய்ச்சலே தானாக எழுந்து நடந்து போய்விடும் என்பது அவ்வட்டாரத்தின் நம்பிக்கை. தம் தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் கணவர் மரம் நடுவதை இரண்டாண்டு பொறுத்தவர், ஈஸ்டருக்கு முந்திய நோன்பான லெந்து காலத்தின் முதல் புதன்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பிய கையோடு, செருப்பைக் கழற்றாமலே ஒரு பிரகடனம் செய்தார்.

"ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். கன்னு நின்னா ஒங்க காடு. நிக்கலைன்னா நல்லசிவம் அண்ணாச்சி பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவேன். கம்பெனிக்கு விட்டா நாப்பது பேருக்கு வேல கெடைக்கும். ஒங்க காட்டுனால இதுவரைக்கும் வயிறு நெறஞ்சது ஒரே ஒரு முயலுக்குத்தான்."

நல்லசிவம் என்பவர் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு நிலம் பார்த்துக் கொடுப்பவர். வாரம் ஒருமுறை வேலியோரம் வண்டியை நிறுத்தி, காலடியால் நீள அகலம் அளந்து, எந்த மூலையில் எந்தக் கொட்டகை என்று காற்றிலே கோடு போட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான். அதனாலேயே அவர் வண்டியைக் கண்டால் ஜெபசுந்தர் கன்றுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

இனி அந்த முயலைப் பாடுவோம். கரிசலின் நிறத்தோன், காற்றின் காலோன், பகலெல்லாம் வரப்புப் பள்ளத்தில் கண்திறந்து துயின்று, அந்தியும் விடியலும் எழுந்துவந்து அரசாள்வோன். ஏதோ ஒரு பழம்போரில் நாயிடமோ முள்வேலியிடமோ இடக்காதின் பாதியைத் திறையாகச் செலுத்தி மீண்டவன் ஆதலால் அரைக்காதன் என்று நம் கோமகனால் பட்டப்பெயர் சூட்டப்பெற்றோன். புல் தீய்ந்த பங்குனியில், கிணற்றோரக் கசிவை விட்டால், ஈரம் இருந்தது அக்காட்டின் பட்டையில் மட்டுமே. அவன் இலையைத் தொடமாட்டான், குருத்தை மதிக்கமாட்டான். தண்டின் அடிப்பட்டையை மட்டும், வளையல் கழற்றுவதுபோலச் சுற்றிக் கழற்றித் தின்பான். பட்டை சுற்றிப்போன கன்றுக்கு இலையிலிருந்து வேருக்குச் சத்து இறங்காது. பத்து நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு, பதினோராம் நாள் அது காய்ந்துவிடும்.

அவனைக் கொல்லச் சட்டம் இடந்தராது. லெந்து காலமும் இடந்தராது. அவ்விரண்டும் இடந்தந்தாலும் ஜெபசுந்தரின் கை இடந்தராது. ஏனென்றால் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆறாம் வகுப்புக்கு அவர் கற்பித்த முதல் விலங்கு முயல். பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று, நீளக்காது இரண்டு. உயிருள்ள முயலை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இப்போதுதான். பார்த்ததும், அதில் எங்குமே வட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு மனம் நொந்தார். இத்தனை பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே என்ற வருத்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

வருத்தம் வேறு, யுத்தம் வேறு. முதற்போர் மூண்டது. பன்றிக்கும் முயலுக்கும் பழஞ்சேலை கட்டி வேலியடைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஜெபசுந்தர் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார். அம்மையார் பணியில் சேர்ந்த காலத்தில் உடுத்திய வெள்ளைச் சீருடைச் சேலைகள் பதினேழும், நாஃப்தலின் உருண்டை மணக்க, கஞ்சி மொடமொடக்க, களம் புகுந்தன. மூவேக்கரைச் சுற்றி வெண்மதில் எழுந்தது, காற்றில் புடைத்தது, கடல் இல்லாத ஊரில் கப்பற்படை போலக் காட்சி தந்தது. சாலையில் போன பஸ் நின்றது. அதிலிருந்து இறங்கிய நால்வர் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கண் முகாம் இதுதானா, டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஐந்தாவதாக அரைக்காதன் வந்தான். வெயிலுக்கு இதமாக ஒரு முந்தானை நிழலில் படுத்து, மறுநாள் மூன்று கன்றுகளை முடித்தான். அம்மையார் சேலைகளை எண்ணி எடுத்துப் போனார்.

இரண்டாம் போரில் மயிர்ப்படை எழுந்தது. மனித முடியின் வாடை மூக்கில் ஏறினால் முயல் எல்லை தாண்டாது என்று யாரோ சொல்லக் கேட்டு, சலூன் சலூனாக ஏறி இறங்கி, கருமுடியும் நரைமுடியும் செம்பட்டைமுடியும் இரண்டு சாக்குகளில் திரட்டிக்கொண்டு, கோயிலில் பூத்தூவுவார் போன்ற பயபக்தியோடு கன்றுக்குக் கன்று தூவினார் நம் கோமகன். அந்தோ, பங்குனிச் சூறை! கரிசலைச் சுழற்றி எழுந்த அந்தக் காற்று, அவ்வூர் ஆண்மக்கள் அனைவரின் மூன்று வாரத்து முடியையும் ஒரே கணத்தில் வாரியெடுத்து, முக்கால் பங்கைத் தவிட்டுக்குருவிகளின் கூடுகளுக்கும், மிச்சத்தை ஜெபசுந்தரின் தயிர்ச்சோற்றுக்கும் பகிர்ந்தளித்தது. அரைக்காதன் இன்னும் நான்கு கன்றுகளை வளையமிட்டான். அன்று மாலை வேலியோரம் நின்ற நல்லசிவம், மிகுந்த மரியாதையோடு, "சார், ஒங்க தோள்ல யாரோட முடியோ கெடக்குது," என்றார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வியாழன். முப்பத்தோரு கன்றுகள் வீழ்ந்திருந்தன. ஜெபசுந்தர் வரப்பில் அமர்ந்து தம் படையைப் பார்வையிட்டபோது, அவர் உள்ளத்தில் ஒரு பேரொளி பிறந்தது. உலகுக்கெல்லாம் வெடி செய்து அனுப்பும் மண்ணில் இருந்துகொண்டு சலூன் சலூனாக அலைந்தோமே! நாற்றிசையும் நெருப்புப் படைக்கலம் குவிந்து கிடக்க, சேலையை நம்பினோமே! காரியாபட்டிப் பக்கத்தில் காட்டுப்பன்றிக்குக்கூட ஒரு வெடிதான் போடுவார்கள். வீட்டுப் பரணில், போன கிறிஸ்மஸுக்கு வாங்கி மழையால் வெடிக்காமல் வைத்த ஆட்டம் பாம் ஒன்று, பச்சை நூல் வரிந்த மேனியோடு, தன் நாளை எதிர்நோக்கித் தவமிருந்தது. அவர் வெளியூர்க்காரர். அந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மாலை நான்கு மணி. அன்று அந்திக்குக் காத்திராமல் வரப்பின்மேல் அரைக்காதன் எழுந்தருளினான். நம் கோமகன் காதில் பஞ்சடைத்தார், கர்த்தரைத் துதித்தார், ஊதுபத்தியின் செங்கண்ணைத் திரியின் நுனியில் வைத்தார், குடையை விரித்துக் கேடயமாக்கிப் பின்வாங்கினார். எழுந்தது ஓசை! கரிசல் அதிர, கன்றுகள் சிலிர்க்க, கொக்குக் கூட்டம் வான் மறைக்க, வரப்பு மண் பொடிப்பொடியாய்ச் சிதற, அந்த அரைக்காதன் நான்கு காலும் தரையில் படாமல் நாலாம் வயலுக்கு அப்பால் பறந்தொழிந்தான். வெற்றி! வெற்றி! ஜெபசுந்தர் குடையை உயர்த்தினார். அறுபதாம் வயதில் ஒரு துள்ளுத் துள்ளினார். துள்ளிய கால் தரைக்கு வருமுன் ஊரின் சத்தம் நின்றுபோயிருந்தது.

கொட்டகைகளின் பேச்சுச் சத்தம் இல்லை. சாலையில் வண்டிச் சத்தம் இல்லை. பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார், அப்போதும் இல்லை. பிறகு நான்கு பக்கமும் புழுதி எழுந்தது. புழுதிக்குள் மனிதர்கள் ஓடி வந்தார்கள். செருப்பில்லாமல், தலைமுடி அவிழ, ஒருவரையொருவர் "எந்தக் கம்பெனி? எந்த ரூமு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

முதலில் வந்து சேர்ந்தவள் ஓவியா. வடக்குக் கொட்டகையில் பேப்பர்க் குழாய் சுற்றுபவள். முழங்கை வரை மைதாப் பசை. அவள் கணவன் முத்துக்கருப்பன் தெற்குக் கொட்டகையில் வெடிமருந்து அறையில் வேலை செய்பவன். சத்தம் தெற்கே என்று அவள் காது சொல்ல, அவள் தெற்கே ஓடி வந்தாள். அதே சத்தம் வடக்கே என்று அவன் காது சொல்ல, அவன் வடக்கே ஓடி வந்தான். இருவரும் சரியாக நடுவில், மகாகனிக் காட்டில், ஊதுபத்தியோடு நிற்கும் ஓவிய ஆசிரியரின் முன்னால் முட்டிக்கொண்டார்கள். அவள் அவன் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள், பிறகு நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவன் சட்டை முழுக்கப் பசைக்கையின் அச்சு விழுந்தது. அவன் அடியை வாங்கிக்கொண்டு அழுதான். இந்த இடத்தில் நம் காவியத்துக்கு வார்த்தை வரவில்லை. ஜெபசுந்தருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு ஓவியா திரும்பினாள்.

"என்ன சார் வெடிச்சுது?"

"முயலுக்கு…" என்றார் மூவேக்கர் முழுதாண்ட கோ.

"முயலுக்கா? ஒரு முயலுக்கு எங்க அம்புட்டுப் பேரு உசுரயும் எடுத்துட்டீகளே சார்! இங்கன நேரங்கெட்ட நேரத்துல ஒரு சத்தம் கேட்டா நாங்க என்னன்னு நெனைப்போம்? கொலசாமிய கும்புட்டுக்கிட்டே ஓடியாறோம், நீங்க பத்தியப் பிடிச்சிக்கிட்டு நிக்கீக!"

அவர் ஊதுபத்தியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அப்போது சுகாதார நிலையத்து வண்டி வந்து நின்றது. அம்மையார் ஜெயசீலி கையுறையோடு இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. கன்றுகளைப் பார்த்தார், கருகிய வரப்பைப் பார்த்தார், கணவரைத் தலையிலிருந்து கால்வரை, எங்கேனும் காயம் உண்டா என்று ஒருமுறையும், ஏன் இல்லை என்று மறுமுறையும் பார்த்தார்.

"மூணு பெட்டு விரிச்சி வச்சிட்டு வந்துருக்கேன். நீங்க ஒருத்தர்தான் கெடச்சிருக்கீக. ஏறுங்க வண்டியில."

மாவீரர் ஏறினார். அரைக்காதன் மறுநாள் விடியலில் திரும்பிவந்து இரண்டு கன்றுகளை முடித்தான்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்களன்று, கொடிகளைத் தாழ்த்தி, குடையை மடக்கி, செருப்பை வாசலிலே துறந்து, வடக்குக் கொட்டகையின் குழாய் சுற்றும் கூடத்துக்குள் மன்னிப்புக் கேட்கப் புகுந்தார் ஜெபசுந்தர். வழியெல்லாம் ஓர் உரை தயாரித்திருந்தார். உள்ளே இருபது பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்ததும் அது மறந்துபோயிற்று. "தெரியாமச் செஞ்சிட்டேன்மா," என்பது மட்டும் வந்தது. ஓவியா பசைக்கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் அவளிடம் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை.

"அந்த முயலு எம்புட்டு ஒசரம் இருக்கும் சார்?"

"எழுந்து நின்னா என் முழங்கால் வரைக்கும்."

அவள் எழுந்துபோய் மூலையில் கிடந்த குவியலிலிருந்து ஒன்றை உருவி வந்தாள். வானத்தில் பூவாய் விரியும் பெரிய ரக வெடிக்கான காகிதக் குழாய். தொடைப் பருமன், முழங்காலுக்கு மேல் உயரம், விரற்கடைத் தடிப்பு. வாய் கோணியதால் கழித்துப் போட்டது. மருந்து தொடாத வெறுங்குழாய்.

"எல்லாம் டேமேஜ் மாலு. நெடுக்க ஒரு கீறு கீறி, கன்னுகளச் சுத்தி மாட்டி, சணல்ல கட்டிவிடுங்க. அது பல்லு உள்ள போவாது. பசையில மயில்துத்தம் போட்டுருக்கோம், எலியே இதத் தொடாது. மழ வர்ற வரைக்கும் தாங்கும்."

மழைக்குள் பட்டை முற்றிவிடும் என்பது ஜெபசுந்தருக்கும் தெரியும். அவர் அந்தக் குழாயை இரு கையாலும் வாங்கிய விதத்தைப் பார்த்து, அங்கிருந்த இருபது பெண்களும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரியிடம் சொல்லி, கழித்துப் போட்ட குழாய்களையெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். முத்துக்கருப்பன் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, கத்தியால் ஒவ்வொன்றையும் கீறிக் கொடுத்தான்.

பாடுக, இனி, கவசம் பூண்ட காதை! ஈஸ்டருக்கு முந்திய பாடுகளின் வாரமெல்லாம் பசியும் மறந்து, பெரிய வியாழனன்று முதுகு வளைந்து, பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்து ஓடோடி வந்து, எஞ்சிய கன்று ஒவ்வொன்றுக்கும் கால்கவசம் பூட்டினார் நம் கோமகன். சிவப்புக் காகிதம் சுற்றியவை ஒரு வரிசை, பச்சை சுற்றியவை ஒரு வரிசை, லேபிள் தலைகீழாய் ஒட்டிய குழாய்கள் கடைசி வரிசை. வானை நோக்கி வாய் பிளந்த நூற்றுக்கணக்கான பீரங்கிகளின் வாயிலிருந்து நெருப்புக்குப் பதில் தளிர் வந்துகொண்டிருந்தது. சாலையில் போனவர்கள், சார் ஏதோ பெரிய திருவிழாவுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விடியல். வரப்புக்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்து, மூச்சடக்கி, நாணல் மறைவில் கிடந்தார் ஜெபசுந்தர். அரைக்காதன் வந்தான். நின்றான். முதல் குழாயின் முன்னே பின்னங்காலில் எழுந்து, அரைக்காதும் முழுக்காதும் விறைக்க, அதை மேலும் கீழும் நோக்கினான். முகர்ந்தான். உலகம் நின்றது; காற்று நின்றது; ஜெபசுந்தரின் மூட்டுவலியும் நின்றது. கடித்தான்! அந்தக் கணத்தில் எஞ்சிய மகாகனிகளின் வருங்காலம் முழுவதும் ஒரு முயலின் நாவில் தொங்கியது. மயில்துத்தத்தின் கசப்பு ஏறியது போலும். முகம் சுளித்து, முன்னங்காலால் வாயைத் துடைத்து, அடுத்த குழாய்க்குப் போனான். அதையும் கடித்தான், அதையும் துடைத்தான். பிறகு, தோற்ற வேந்தனுக்கு உரிய நிதானத்தோடு திரும்பிப்போய், கிணற்றோரக் கசிவில் பசுமையாய் நின்ற அறுகம்புல்லை மேயத் தொடங்கினான். ஜெபசுந்தர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பொட்டலக் காகிதத்தின் பின்புறத்தில் அவனை வரைந்தார். வட்டமே போடாமல் வரைந்தார்.

ஈஸ்டர் திங்கள் விடிந்தது. பத்திரமும் பேனாவும் மை ஒற்றும் தாளும் தாங்கி நல்லசிவம் வந்தார். வெள்ளைச் சேலையில் அம்மையார் வந்தார். ஜெபசுந்தர் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, குடையோடு காட்டின் தலைவாயிலில் நின்றார். நாற்றிசைக் காவலரே, கவனியுங்கள்! இரண்டாண்டு உழைப்பும், முப்பத்து மூன்று வீரமரணமும், பதினேழு சேலையும், இரண்டு சாக்கு முடியும், ஒரு பெருஞ்சத்தமும் எந்தத் தீர்ப்பை நோக்கி நடந்தனவோ, அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு அம்மையார் முதல் வரிசையில் அடியெடுத்து வைத்தார். குழாய்க்குக் குழாய் குனிந்தார், நோயாளியின் தொண்டையைப் பார்ப்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார், இலையைத் திருப்பினார், தண்டை விரலால் அழுத்தினார். செத்துப்போன கன்றொன்றின் அடியில், கடித்த காயத்துக்குக் கீழே, நெல்மணி அளவில் ஒரு தளிர் சிவந்து கிளம்பியிருந்ததைக் கண்டு அங்கே மட்டும் சற்று நேரம் உட்கார்ந்தார். எழுந்து, சேலையில் ஒட்டிய கரிசலைத் தட்டிவிட்டு, தெற்குக் கொட்டகையை ஒருமுறையும் வடக்குக் கொட்டகையை ஒருமுறையும் பார்த்தார். நல்லசிவம் பத்திரத்தை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அம்மையார் பேனாவை வாங்கவில்லை. தம் வலக்கையை நீட்டி அவருக்குக் காட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி. அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டதுல இருந்து இந்தக் கையி இன்னும் நெலைக்கு வரல. இதுல கையெழுத்து எங்கன போட? மரமே இருந்துட்டுப் போவட்டும். நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க."

ஒலித்தது வெற்றிமுரசு! ஜெபசுந்தரின் குடை விண்ணோக்கி உயர்ந்தது, கண்கள் மண்ணோக்கிப் பொழிந்தன. குழாய்ப் பீரங்கிகள் யாவும் ஓசையின்றி முழங்கின. தளிர்கள் கொடிகளாய் அசைந்தன. தேவர் பூமாரி பெய்யவில்லை எனினும் வேப்பமரம் கொஞ்சம் பூவை உதிர்த்தது. கிணற்றோரத்தில் தலைநிமிர்ந்து பார்த்த அரைக்காதனுக்கும் அந்த நாளில் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. மூவேக்கரின் முடியரசு வெயிலும் மழையும் உள்ளவரை நிலைத்தோங்கும் என்று திக்கெட்டும் பறைசாற்றப்பட்டது.

நல்லசிவம் டீ குடித்துவிட்டுப் போனார்.